கத்தியும் கதிரும்: கீலொயிட் தழும்பு பற்றி ஓர் உரை

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஒரே வகுப்பில் படித்த இருவர் சேர்ந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சுகாதாரம் பற்றி ஏதாவது பேசுங்கள்" என்றுதான் செயலாளர் எங்களைக் கேட்டார். நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். நாங்கள் பேசப்போவது தழும்பைப் பற்றி. அதற்கு ஒரு காரணம் உண்டு. அது எங்கள் குற்றம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

நாங்கள் பத்தாம் ஆண்டில் விடுதியில் இருந்தோம். அப்போது இரண்டாவது தோடு போடுவது பெரிய ஆசை. ஒரு சனிக்கிழமை இரவு, மெழுகுதிரியில் தைக்கிற ஊசியைக் காட்டி, நூலைக் கோத்து, எங்கள் தோழி ஒருத்திக்கு மேல்காதில் நாங்களே குத்திவிட்டோம். அவள் அழவில்லை, சிரித்தாள். ஒரு வாரம் சீழ் வைத்தது, மஞ்சள் பூசினோம், ஆறிவிட்டது. மூன்று மாதம் கழித்து அந்த இடத்தில் ஒரு மிளகளவு மேடு தெரிந்தது. உயர்தரம் எழுதும்போது அது நெல்லிக்காய் அளவு. இரட்டைப் பின்னலைத் தூக்கிக் கட்ட வேண்டும் என்ற விதி இருந்த நம் பாடசாலையில், அவள் ஒரு பக்கத்துப் பின்னலை மட்டும் காதை மூடித் தொங்கவிட்டாள். அதற்காக ஏச்சு வாங்கினாள், காரணத்தைச் சொல்லவில்லை. தமிழ்த்தினப் பேச்சுப் போட்டியில் முதலாம் இடம் எடுத்துக்கொண்டிருந்தவள் மேடை ஏறுவதை நிறுத்திக்கொண்டாள். ஊசியைப் பிடித்த கை எங்களில் ஒருத்தியுடையது. காதைப் பிடித்த கை மற்றவளுடையது.

பிறகு எங்களில் ஒருவர் தாதியானோம், சத்திரசிகிச்சை விடுதியில் வேலை. மற்றவர் கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரத்தை இயக்கும் பிரிவுக்குப் போனோம். இந்த இரண்டு பிரிவும் சேர்ந்தால்தான் எங்கள் தோழியின் காது சரியாகும் என்பதை நாங்கள் அறிந்துகொள்ள வெகுகாலம் ஆனது. நாங்கள் வைத்தியர்கள் அல்ல. யாருக்கு எந்தச் சிகிச்சை என்று சொல்வது எங்கள் வேலை இல்லை. எங்கள் இரு விடுதிகளிலும் கண்டதையும் கற்றதையும் மட்டும் சொல்கிறோம்.

காயம் ஆறும்போது உடம்பு அந்த இடத்தை அடைக்க கொலாஜன் என்ற நாரை நெய்கிறது. நெய்கிற கலங்கள் வேலை முடிந்ததும் ஓய வேண்டும். சிலருக்கு அவை ஓயாமல் நெய்துகொண்டே இருக்கும். தழும்பு தடித்து மேலே எழும். எழுந்தாலும் காயத்தின் எல்லைக்குள்ளேயே நின்றால் அது வெறும் தடித்த தழும்பு. பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானாகத் தணியும். எல்லையைத் தாண்டி, நல்ல தோலுக்குள்ளும் கால் நீட்டி வளர்வதுதான் கீலொயிட். அது தானாகத் தணியாது. அரிக்கும், வலிக்கும், சட்டை உரசினால் எரியும்.

காது மடல், நெஞ்சின் நடுப்பகுதி, தோள், முதுகின் மேற்பகுதி, தாடை ஆகிய இடங்களில் அது அதிகம் வரும். உள்ளங்கையிலும் கண்ணிமையிலும் அனேகமாக வருவதில்லை. நம்மைப் போன்ற கருந்தோல்காரருக்குக் கூடுதலாக வரும். பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில்தான் பெரும்பாலும் தொடங்கும். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வரலாம். கர்ப்ப காலத்தில் சிலருக்கு வேகமாக வளரும். காது குத்துவதிலும், முகப்பருவிலும், அம்மை வடுவிலும், பிறந்தவுடன் இடது கையில் போடும் பி.சி.ஜி. ஊசி அடையாளத்திலும்கூட அது தொடங்கலாம்.

நம் தோட்டப்புறங்களில் இன்னொரு வாசலும் உண்டு, தீக்காயம். லயத்து அறையில் விறகடுப்பு, கவிழ்ந்து விழும் குப்பி விளக்கு. இந்த விளக்கினால் எரிந்தவர்களைக் கண்டு மனம் நொந்த நம் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, கவிழ்ந்தாலும் உருளாத, திருகு மூடியுள்ள பாதுகாப்பான குப்பி விளக்கொன்றை உருவாக்கினார். அதற்காக அவருக்கு 1998 இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. சுட்ட புண்ணைப் பின்னால் சீர்செய்வதைவிட, சுடாமல் காப்பது எவ்வளவு மேல் என்பதை ஒரு சத்திரசிகிச்சை நிபுணரே காட்டினார்.

கீலொயிட் புற்றுநோய் அல்ல. இதை இரண்டு முறை சொல்லச் சொன்னாலும் சொல்வோம். பிறருக்குத் தொற்றுவதும் இல்லை. பாரிஸில் இருந்த அலிபேர் என்ற வைத்தியர் 1806 இல் இந்தத் தழும்பை விவரித்தபோது, புற்றுநோயை நினைவூட்டும் ஒரு பெயரைத்தான் முதலில் வைத்தார். பின்னர் மக்கள் இதைப் புற்றுநோயோடு குழப்பக்கூடாது என்று பெயரை மாற்றினார். நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து கீலொயிட் என்ற பெயர் வந்தது. பக்கவாட்டில் கால் நீட்டிப் பிடிக்கும் அதன் குணத்துக்கு அது பொருத்தமான பெயர்தான். ஆனால் அலிபேர் அஞ்சிய அந்தக் குழப்பம் இன்றும் நம் லயங்களில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறோம்.

எங்கள் தோழிக்கு இருபத்திரண்டு வயதில் ஒரு வரன் வந்தது. பெண் பார்க்க வருமுன் அதை எடுத்துவிட வேண்டும் என்று வீட்டார் ஓர் இடத்துக்குக் கூட்டிச் சென்றார்கள். அரை மணித்தியாலத்தில் வெட்டித் தைத்து அனுப்பிவிட்டார்கள். காது அழகாக இருந்தது. நாங்களும் மகிழ்ந்தோம். எட்டு மாதத்தில் அது திரும்பி வந்தது, இம்முறை எலுமிச்சங்காய் அளவில். வரன் ஏற்கனவே வேறு காரணம் சொல்லி விலகியிருந்தது. அவள் எங்களோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டாள்.

கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியை நம்மில் எத்தனை பேர் பார்த்திருப்போம்! வெட்டிய இடத்தில்தான் துளிர் அடர்த்தியாக வரும். கீலொயிட்டும் அப்படியே. வெட்டுவதும் ஒரு காயம். காயம் பட்டால் அளவுக்கு மீறி நெய்யும் உடம்புக்கு நாம் இன்னொரு காயத்தைக் கொடுக்கிறோம், அதுவும் முன்னையதைவிட நீளமாக. வெறும் சத்திரசிகிச்சை மட்டும் செய்தால் 100 பேரில் குறைந்தது 45 பேருக்கு, சில ஆய்வுகளில் அனேகமாக எல்லோருக்கும், அது திரும்பி வந்ததாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன.

இங்கேதான் கதிர்வீச்சு வருகிறது. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895 இல். பதினொரு ஆண்டுகளிலேயே, 1906 இல், பிரான்சில் டி பேர்மன், கூஜரோ என்ற இரு வைத்தியர்கள் கீலொயிட்டுக்கு அதைப் பயன்படுத்தியதை எழுதிவைத்தார்கள். பழைய, முற்றிய கீலொயிட்டின் மேல் கதிரை மட்டும் பாய்ச்சினால் பலன் குறைவு. நார் ஏற்கனவே நெய்து முடிந்துவிட்டது. கதிர் அடக்குவது நெய்கிற கலங்களை. அவை வேகமாகப் பெருகுவது காயம் பட்ட முதல் சில நாட்களில். ஆகவே கத்தி முதலில், கதிர் உடனே பின்னால். வெட்டித் தைத்த பின் 24 மணித்தியாலத்துக்குள், பிந்தினால் இரண்டு மூன்று நாளுக்குள், முதல் கதிரைக் கொடுக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் முறை. ஒரு கிழமை, இரண்டு கிழமை என்று தள்ளிப்போட்டால் அந்தச் சந்தர்ப்பம் நழுவிவிடும்.

எவ்வளவு கதிர்? கதிரை அளக்கும் அலகுக்கு கிரே என்று பெயர். மார்பகப் புற்றுநோய்க்குப் பல கிழமைகளாக 40 முதல் 50 கிரே வரை கொடுப்பதுண்டு. கீலொயிட்டுக்குப் பொதுவாக மொத்தம் 10 முதல் 20 கிரே வரைதான், சில நாட்களில் முடிந்துவிடும். டோக்கியோவின் நிப்பொன் மருத்துவக் கல்லூரி வைத்தியர்கள் வெளியிட்ட முறையொன்றில் இடத்துக்கு இடம் அளவு மாறும். காது மடலுக்கு 2 நாளில் 10 கிரே, நெஞ்சுக்கும் தோள்பட்டைப் பகுதிக்கும் 4 நாளில் 20 கிரே, மற்ற இடங்களுக்கு 3 நாளில் 15 கிரே. நெஞ்சுத் தோல் மூச்சோடும் கை அசைவோடும் எந்நேரமும் இழுபடுகிறது. இழுபடும் தோலில் கீலொயிட் திரும்பும் வாய்ப்புக் கூடுதல் என்பதால் அங்கே அளவும் கூடுதல். பயன்படுத்துவது தோலுக்கு அடியில் அதிக ஆழம் போகாத எக்ஸ்ரே அல்லது இலத்திரன் கதிர். சுற்றியுள்ள நல்ல தோலை ஈயத் தகட்டால் மூடுவோம்.

ஜப்பான் என்றதும் ஒரு கேள்வி வரும், எங்களிடம் பலரும் கேட்டது. "அணுகுண்டால்தானே அங்கே அந்தத் தழும்பு வந்தது? கதிர் எப்படி மருந்தாகும்?" நியாயமான கேள்வி. ஹிரோஷிமாவில் தப்பியவர்கள் பலருக்கு முகத்திலும் கையிலும் கீலொயிட் எழுந்தது உண்மை. 1955 இல் அவர்களில் 25 இளம்பெண்கள் நியூயோர்க் மவுண்ட் சைனாய் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, பல சத்திரசிகிச்சைகளுக்கு உள்ளானார்கள். ஆனால் அந்தத் தழும்புகள் பெரும்பாலும் குண்டின் வெப்பம் சுட்ட புண்கள் ஆறிய இடத்தில் எழுந்தவை. வைத்தியசாலையில் கொடுப்பது அளந்த கதிர், ஒரு விரலகல இடத்துக்கு மட்டும்.

அளந்து கொடுத்தாலும் அது கதிர்தான், ஆபத்தே இல்லை என்று நாங்கள் சொல்லமாட்டோம். தோல் சிவக்கும், பின் கறுக்கும் அல்லது வெளிறும். சிலருக்குத் தையல் ஆறப் பிந்தும். கதிர் பட்ட இடத்தில் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வருமா என்று உலக மருத்துவ இதழ்களைத் தேடிப் பார்த்தவர்கள், அப்படிச் சந்தேகிக்கத்தக்க சிலரை மட்டுமே கண்டார்கள். அபாயம் மிகக் குறைவு, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. அதனால்தான் கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை. வளரும் பிள்ளைகளுக்குக் கூடியவரை தவிர்க்கிறார்கள். தைரொய்ட் சுரப்பி, மார்பகம் ஆகியவற்றின் அருகே மிகுந்த கவனம் எடுக்கிறார்கள்.

இன்னொன்று, இது முதல் சிகிச்சை அல்ல. சின்னக் கீலொயிட்டுக்கு நான்கு முதல் ஆறு கிழமைக்கு ஒரு தடவை தழும்புக்குள்ளேயே ஸ்டீரொய்ட் ஊசி போடுவார்கள். சிலிக்கன் தாளை நாளின் பெரும்பகுதி ஒட்டி, மாதக் கணக்கில் வைத்திருக்கச் சொல்வார்கள். காதுக்கு அழுத்தித் தரும் கிளிப் தோடு உண்டு. மிளகளவில் வந்திருந்தால் எங்கள் தோழிக்கு இவையே போதுமாக இருந்திருக்கலாம். இவற்றுக்கு அடங்காததற்கும், வெட்டியும் திரும்பியதற்கும்தான் கத்தியும் கதிரும் சேர்ந்த சிகிச்சை. அப்போதும் முழு உறுதி இல்லை. 9,000 க்கு மேற்பட்ட கீலொயிட்டுகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2017 ஆம் ஆண்டுக் கட்டுரையொன்று, கதிரை மட்டும் கொடுத்தவற்றில் 37 வீதமும், வெட்டியபின் கதிர் கொடுத்தவற்றில் 22 வீதமும் திரும்பியதாகக் கண்டது. ஐந்தில் ஒன்று அப்போதும் திரும்புகிறது. ஆனால் வெட்டி மட்டும் விட்ட கணக்கோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி நம் மலைக்கு வருவோம். இலங்கையில் இந்தச் சிகிச்சைக்கு அரச வைத்தியசாலையில் பணம் கட்டத் தேவையில்லை. தடை வேறு இடத்தில் இருக்கிறது. வெட்டுவதை நம் மாவட்டத்திலேயே செய்துகொள்ளலாம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் கதிர் இயந்திரம் இருப்பது மகரகமவிலும் கண்டியிலும் இன்னும் சில பெரிய நகரங்களிலும். நுவரெலியாவிலிருந்து கண்டிக்குச் சுமார் 75 கிலோமீற்றர். இறம்பொடை, புசல்லாவை, கம்பளை என்று வளைந்து வளைந்து, புதிதாகத் தைத்த காயத்தோடு பஸ்ஸில் வர வேண்டும். ஹட்டன்காரருக்குக் கினிகத்தேனை இறக்கம். ஓரிடத்தில் வெட்டி, "கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள்" என்று துண்டு எழுதிக் கொடுத்தால், அந்த 24 மணித்தியாலம் பஸ் தரிப்பிடத்திலேயே முடிந்துவிடும். கதிர் இயந்திரத்தின் முன் புற்றுநோயாளர் வரிசை வேறு நீண்டிருக்கும். அவர்களைத் தள்ளிவைத்து நம்மை அழைக்கமாட்டார்கள், அழைக்கவும் கூடாது. ஆகவே வெட்டும் திகதியைக் குறிக்கும் முன்பே கதிருக்கான நாட்களும் குறிக்கப்பட வேண்டும். இரண்டும் ஒரே சிகிச்சை. இன்று எங்கள் பேச்சில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: "எப்போது வெட்டுவீர்கள்?" என்று கேட்குமுன், "வெட்டிய மறுநாள் எங்கே போக வேண்டும்?" என்று கேளுங்கள்.

அடுத்தது பேர். நான்கு நாள் மலைக்குப் போகாவிட்டால் நான்கு பேர் இல்லை. கூட வரும் அம்மாவுக்கும் இல்லை. தங்க இடம் வேண்டும், சாப்பாடு வேண்டும். இலவசச் சிகிச்சை அங்கேதான் செலவாகிவிடுகிறது.

மூன்றாவது, அலிபேர் அஞ்சிய குழப்பம். கதிர்ப் பிரிவு இருப்பது புற்றுநோய் விடுதியில். "மகரகமவுக்குப் போனாளாம்" என்ற ஒரு வார்த்தை போதும். மறுநாள் பெரட்டுக் களத்தில் அவளுக்குப் புற்றுநோய் என்று பேச்சு. எங்கள் தோழி மூன்று ஆண்டுகள் மறுத்தது கத்திக்குப் பயந்து அல்ல, இந்தப் பேச்சுக்குப் பயந்துதான்.

கடைசியில் அவளுக்கு முப்பத்தொரு வயதில், நாங்கள் இருவரும் அவள் வீட்டுக்குப் போனோம். ஊசியைப் பற்றி அன்றுதான் மன்னிப்புக் கேட்டோம். "அதுக்கென்னடி, நானும்தானே கேட்டேன்" என்றாள். சத்திரசிகிச்சை நிபுணரும் கதிர்வீச்சு நிபுணரும் அவளைப் பார்த்து, ஒன்றாக நாள் குறித்தார்கள். கர்ப்பம் இல்லை என்று பரிசோதித்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இடத்தை மட்டும் விறைக்கச் செய்து வெட்டினார்கள். இழுபடாமல் மெல்லத் தைத்தார்கள். அன்று பின்னேரமே முதல் கதிர், பிறகு புதனும் வியாழனும். அவள் கேட்டது ஒன்றுதான்: "முடி கொட்டுமா?" கதிர் படும் இடத்தில் மட்டும்தான் அந்தப் பயம் என்று சொல்லி, காதுக்குப் பின்னால் ஈயத் தகட்டை வைத்தோம். சில நிமிடங்களில் முடிந்தது. வலி இல்லை, சூடுகூடத் தெரியவில்லை என்றாள். மூன்று இரவும் எங்களில் ஒருத்தியின் அறையில் தங்கினாள்.

பதினெட்டாவது மாதத்தில் தையல் விளிம்பில் ஒரு பயறளவு தடிப்பு வந்தது. எங்களுக்கு நெஞ்சு படபடத்தது. இம்முறை அவள் காத்திருக்கவில்லை, கிளினிக்குக்கு வந்தாள். இரண்டு ஊசியில் அடங்கியது. இரண்டு ஆண்டுகளாவது தவறாமல் காட்ட வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். அதன் பிறகு ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. அந்த இடத்தில் தோல் சற்று வெளிறியிருக்கிறது, அவ்வளவுதான்.

சங்கத்திடம் மூன்று வேண்டுகோளுடன் முடிக்கிறோம்.

முதலாவது, கண்டியிலும் கொழும்பிலும் இருக்கும் அக்காமார் வீட்டில் ஒரு கட்டில். சிகிச்சைக்கு வரும் மலையகப் பிள்ளைக்கும் தாய்க்கும் நான்கு இரவு. விருப்பமுள்ளவர்களின் பட்டியல் ஒன்றைச் செயலாளரிடம் வைத்திருப்போம்.

இரண்டாவது, வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் நூற்றாண்டு நிதியில் ஒரு சிறு பங்கை, இல்லாமற்போகும் பேருக்கும் பஸ் செலவுக்கும் ஒதுக்குங்கள்.

மூன்றாவது, விடுதியில் இருக்கும் தங்கைமாருக்கு. காது குத்துவதென்றால் சுத்தமான இடத்தில், தெரிந்தவரிடம் குத்துங்கள். வீட்டில் யாருக்காவது தடித்த தழும்பு இருந்தால் இரண்டாவது துளையே வேண்டாம். மிளகளவு மேடு தெரிந்தால் அன்றே விடுதிப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். பின்னலால் மூடாதீர்கள். ஆசிரியைகளே, ஒரு பிள்ளை ஒரு பக்கத்துக் காதை மட்டும் மூடினால், ஏசுமுன் ஏன் என்று ஒருமுறை கேளுங்கள்.

இவ்வளவையும் சொல்ல எங்கள் தோழி அனுமதி தந்தாள். தன் பெயரை மட்டும் சொல்ல வேண்டாம் என்றாள். அவள் இன்று இந்த மண்டபத்தில், கொண்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தேடாதீர்கள். கொண்டை போட்டவர்கள் இங்கே நிறையப் பேர்.